கைக்கெட்டிய கேமரா – 14: வாட்சுக்குள் என் முகம்

போன வாரம் வெள்ளிக் கொலுசைப் படம் பிடித்தபோதே சொன்னேன், பளபளப்பான பொருள் தன்னைக் காட்டாது, எதிரில் இருப்பதைத்தான் காட்டும் என்று. இந்த வாரம் கொலுசைவிடப் பொல்லாத ஆள்: கைக்கடிகாரம்.

பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் பலர் மணிக்கட்டு வெறுமையாக இருக்கும். கார் பெயின்டில் கீறல் விழும் என்று வாட்சையும் மோதிரத்தையும் கழற்றச் சொல்லும் ஆலைகள் ஒரகடம் பக்கம் உண்டு. போனுக்கோ வாசலிலேயே கேமராவின் மேல் ஸ்டிக்கர். வாட்சும் கேமராவும் கேட்டுக்கு வெளியே வந்த பிறகுதான் இங்கே கண் விழிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேமராக்களில் பல இந்த ஊரிலேயே பிறக்கின்றன. இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019 முதல் ஐபோன் தயாராகிறது. இதே பெங்களூர் நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி தாண்டிப் போனால் ஓசூர், டைட்டன் ஆலை. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக 1984இல் தொடங்கிய நிறுவனம். பெயரின் பின்பாதியில் இருப்பது தமிழ்நாடு. 2002இல் வந்த அவர்களுடைய ‘எட்ஜ்’ மொத்தமே 3.5 மில்லிமீட்டர் கனம். ஒரே சாலையில் ஒரு பக்கம் வாட்ச், ஒரு பக்கம் கேமரா. இரண்டையும் எதிரெதிரே வைத்தால் மட்டும் சண்டை.

என் முதல் முயற்சியைச் சொல்கிறேன். அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுக்கிற வாட்ச். மேஜையில் வைத்து, டியூப்லைட்டைப் போட்டு, போனை நேர்மேலே பிடித்து எடுத்தேன். படத்தில் டியூப்லைட் இருந்தது, போன் இருந்தது, அதற்குப் பின்னால் என் முகமும் இருந்தது. மணி எத்தனை என்று மட்டும் தெரியவில்லை.

கேமராக் கடையில் கேட்டால் ‘போலரைசர் வாங்கு சார்’ என்பார்கள். பாதி உண்மை. அந்தக் கண்ணாடி வில்லை, சுமார் 56 டிகிரி சாய்வில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் நன்றாக அடக்கும். நேர்மேலே நின்று எடுத்தால் பயனில்லை. ஸ்டீல் செயினின் பளபளப்பையும் அது தொடாது. செலவில்லாத வழி இருக்கிறது. கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். ஆகவே வாட்சின் கண்ணாடி இப்போது எதைப் பார்க்கிறதோ அந்த இடத்தில் ஒரு கருப்பு சார்ட்டை நிறுத்துங்கள். கண்ணாடி இருந்த இடமே தெரியாது, டயல் எழுந்து வரும். நேராகத்தான் எடுக்க வேண்டுமென்றால் அதே சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுக்கலாம். வெளிச்சத்துக்கு ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டினால் போதும், எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல். அத்தனையும் வெள்ளையாக இருந்தால் ஸ்டீல் சோற்றுக்கஞ்சி மாதிரி வெளிறிவிடும். ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கருப்புக் காகிதம் வைத்தால்தான் விளிம்பு கூராகும்.

போனில் எடுப்பவர்களுக்கு ஒன்று. மிக அருகில் போனால் சில போன்கள் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்குத் தாவிவிடும். ஐபோன் 13 புரோவில் இருந்து அது 2 சென்டிமீட்டர் வரை நெருங்கும். திரையில் ஒரு பூ தெரியும். டயல் பணியாரம் போல உப்பும், போனின் நிழலும் மேலே விழும். பூவைத் தொட்டு அணைத்துவிட்டு, தள்ளி நின்று பெரிதாக்கி எடுங்கள்.

பெரிய கேமராவில் தொல்லை வேறு. பொருளின் அளவுக்கே பிம்பம் விழும் நெருக்கத்தில், எஃப் 8இல் தெளிவாக நிற்பது ஏறக்குறைய ஒரே ஒரு மில்லிமீட்டர். முள் தெளிந்தால் எழுத்து மங்கும். அதனால் ஃபோகஸை இம்மியிம்மியாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்துக் கணினியில் ஒன்றாக்குகிறார்கள். அதற்குள் நொடி முள் ஓடிவிடுமே! பேட்டரி வாட்சில் சாவியை வெளியே இழுத்தால் நிற்கும். பழைய சாவி வாட்சுகள் பல அதற்கும் மசியாது. சாவி தீர்ந்து தானாக நிற்கும்வரை விட்டுவிட்டு, பிறகு முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்வதுதான் வழி. நொடி முள் எங்கே நிற்குமோ, அது அதன் இஷ்டம்.

திருப்பி வைப்பது 10:10க்கு. 12க்குக் கீழே இருக்கும் கம்பெனிப் பெயரை இரு முட்களும் ஏந்திப் பிடித்தது போல நிற்கும். 10:10 அமெரிக்க அதிபர் லிங்கன் இறந்த நேரம் என்பது கட்டுக்கதை. அவர் இறந்தது காலை 7:22க்கு. பழைய விளம்பரங்களில் 8:20 வைத்திருக்கிறார்கள், தொங்கிய மீசை மாதிரி. 10:10 பார்ப்பவருக்கு இனிமையாக இருக்கிறது என்று 2017இல் ஓர் உளவியல் ஆய்வே வந்தது.

இதுவரை சொன்னது அழகாகக் காட்டுவதற்கு. விற்பதற்கு, வாங்குவதற்கு வேறு வெளிச்சம் வேண்டும். ஜப்பானின் சிட்டிஸன் துணையோடு 1961இல் வாட்ச் செய்ய ஆரம்பித்த எச்.எம்.டி.யின் வாட்ச் ஆலைகள் 2016இல் மூடப்பட்டன. அதன் பிறகும் பழைய வாட்சுக்குத் தேடல் குறையவில்லை. புது டயல் அச்சடித்துப் பழசு என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். பட்டர் பேப்பர் வெளிச்சம் அவர்களுக்குத்தான் தோழன், கீறல்களை விழுங்கிவிடும். நீங்கள் வாங்குவதாக இருந்தால், டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து ஒரு படம், எழுத்தை மட்டும் நெருக்கி ஒரு படம், பின்மூடியைத் திறந்து ஒரு படம் என்று மூன்று கேளுங்கள். தாழ்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கீறலும் நிழலோடு நிற்கும். எழுத்தின் ஓரம் மசிந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

படம் எடுப்பதற்கு முன் தூசி தட்ட மறக்காதீர்கள். வாயால் ஊதினால் எச்சில் படியும்; ரப்பர் பந்து ஊதுகுழல் நல்லது. லாரிகள் ஓயாத இந்தச் சாலையோரத்தில் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை ஊத வேண்டியிருக்கிறது.

அப்பாவின் ஜனதாவை மறுபடி எடுத்தேன், ஜன்னலோரம், கருப்பு சார்ட் வைத்து. கண்ணாடியில் 4க்கு அருகே இருக்கும் நீளக் கீறலைக் கணினியில் அழிக்கவில்லை. படத்தில் மணி 10:10. எடுத்தபோது வெளியே இரண்டாவது ஷிஃப்டுக்குப் பஸ் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வாரம்: மூக்குக்கண்ணாடி.

(தொடரும்)