ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

"ஐ.நா. சபை தீர்மானம் போடும், திண்ணையிலே உட்கார்ந்து நாம் படிக்கலாம், வேறென்ன பயன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" பூர்வகுடி மக்களின் உரிமை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், இப்படிக் கேலியும் எழுகிறது. கேலி பேசுவோரிடம் கோபம் வேண்டாம், தம்பி! ஒரு தோட்டக்காரரின் கதையைச் சொல்லு, போதும்.

எடி மாபோ என்பது அவர் பெயர். ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையே டாரஸ் நீரிணை; அதிலே மெர் என்றொரு சின்னஞ்சிறு தீவு. அங்கே பிறந்தவர், பிழைப்புக்காகப் பெருநிலம் சென்று, பல்கலைக்கழகமொன்றில் தோட்டவேலை பார்த்தார். ஜேம்ஸ் குக் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம்! யார் இந்தக் குக்? 1770இல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரை முழுவதும் இங்கிலாந்து மன்னருக்கே சொந்தம் என்று அறிவித்த மாலுமி!

ஊரிலே தமக்கு நிலம் உண்டு என்று, அங்கிருந்த வரலாற்று ஆசிரியர்கள் இருவரிடம் மாபோ பேசிக்கொண்டிருந்தார். அவர்களோ தயக்கத்தோடு உண்மையை உடைத்தனர்: சட்டப்படி அந்த நிலம் அவருடையதல்ல, அரசுடையது!

பாட்டன் பயிரிட்ட மண்; தந்தை காத்த தோட்டம்; குடும்பத்துக்குக் குடும்பம் எல்லை வகுத்த பூமி. அயலான் தோட்டத்தில் அடி வைக்காதே என்று கற்பிக்கும் மாலோ நெறி வழங்கும் தீவு. நெறி இருந்தது, நிலம் இருந்தது, நிலத்துக்குரியோரும் இருந்தனர். ஆயினும் வந்தேறியவர்களின் சட்டம் அதை எவருக்கும் சொந்தமில்லா நிலமாகவே கருதியது! மனிதரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே, மண்ணுக்கு உரியவர் இல்லை என்றது!

1982இல் மாபோவும் மற்றும் நால்வரும் வழக்குத் தொடுத்தனர். குவீன்ஸ்லாந்து மாநில அரசு என்ன செய்தது? வாதாடி வெல்லப் பார்த்ததோடு நின்றதா? இல்லை! 1985இல் புதுச் சட்டமொன்றைக் கொண்டு வந்தது. 1879இல் தீவுகளை இணைத்துக்கொண்ட போதே தீவினரின் பழைய உரிமைகள் மாய்ந்தன, அதற்கு இழப்பீடும் கிடையாது என்றது அச்சட்டம். வழக்கு மன்றத்தில் நடக்கும்போதே, வழக்கின் வேரை வெட்டும் வேலை!

அந்த வெட்டரிவாளைத் தடுத்த கேடயம் எது? ஏளனம் செய்கிறார்களே, அந்த ஏட்டுச் சுரைக்காய்தான்!

1965 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை, இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1975இல் ஆஸ்திரேலியா அதை ஏற்றது. ஏற்றதோடு நில்லாமல், இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் இயற்றியது. அந்தச் சட்டத்துக்கு முரணானது என்று காரணம் காட்டித்தான், 1988இல் அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் குவீன்ஸ்லாந்தின் சட்டத்தைச் செல்லாதாக்கிற்று. நால்வர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம். ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் மாபோவின் வழக்கு மண்ணோடு மண்!

1992 ஜூன் 3ஆம் நாள் இறுதித் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் ஆம் என்றனர், ஒருவர் மறுத்தார். மெர் மண் மெர் மக்களுக்கே! உரியவரில்லா நிலம் என்ற பொய் உடைந்தது. மறு ஆண்டே பூர்வீக நில உரிமைச் சட்டமும் பிறந்தது. ஆனால் வழக்காடிய மாபோ? அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். தீர்ப்பு வந்தது, கேட்கச் செவி இல்லை!

கதை இங்கே முடியவில்லை, தம்பி. 2007இல் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனம் ஐ.நா.வில் வாக்கெடுப்புக்கு வந்தது. 144 நாடுகள் ஆதரித்தன, நான்கு எதிர்த்தன. அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா! பூர்வகுடிகளின் மண்ணில் குடியேறியோர் எழுப்பிய நாடுகள் நான்கும்! 2009இல் ஆஸ்திரேலியா மனம் மாறி ஆதரித்தது. ஆனால் மனம் மாறினால் மட்டும் போதுமா?

அதே டாரஸ் நீரிணைத் தீவுகளைக் கடல் இன்று அரித்துத் தின்கிறது. தோட்டத்தில் உப்புநீர், மூதாதையர் கல்லறைகளில் அலைகள். 2022இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, பருவநிலைக் கேட்டிலிருந்து தீவினரைக் காக்கத் தவறியதால் ஆஸ்திரேலியா அவர்கள் உரிமையை மீறியது என்றது. 2025 ஜூலையில் வேறு இரு தீவினர் தொடுத்த வழக்கிலோ, உள்நாட்டு நீதிமன்றம் கைவிரித்தது. சட்டம் மாறாதவரை பரிகாரம் இல்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

புரிகிறதா வேற்றுமை? அன்று உலகின் சொல்லை உள்நாட்டுச் சட்டமாக்கியிருந்தனர், தோட்டக்காரர் வென்றார். இன்று உலகம் சொல்லியும் உள்நாட்டில் சட்டமில்லை, தீவினர் தோற்றனர்.

நாம் மட்டும் விலக்கா? 2006இல் வன உரிமைச் சட்டம் செய்தது இந்தியா, சரி. 2007இல் பிரகடனத்துக்கு வாக்களித்தது, சரி. ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1989இல் பூர்வகுடிகளுக்காக இயற்றிய 169ஆம் உடன்படிக்கையை இன்னும் ஏற்கவில்லையே, ஏன்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, உண்மை. ஆனால் அதற்குள்ளே விதை இருக்கிறது. அதை ஊன்றும் மண், சட்டம். ஊன்ற வேண்டிய கை, அரசின் கை. அந்தக் கையை அசைக்க வேண்டியது, மக்களின் குரல்!