எல்லையோரம் – 8: மச்சானிடம் ஒரு மாதிரி, மெம்பரிடம் ஒரு மாதிரி

மலையாளிகள் வெடுக்கென்று பேசுவார்கள், எதற்கெடுத்தாலும் கொடி பிடிப்பார்கள். நம்மாட்கள் அனுசரித்துப் போவார்கள். கோவைப் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை கேட்கிற பேச்சு இது. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில் இருக்கும் எருத்தேன்பதியில் இந்தக் கணக்கு இடிக்கிறது. அங்கே வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழ். சம்பந்தம் பொள்ளாச்சிப் பக்கம். ஆனால் 1956 நவம்பர் 1 முதல் ஊர் கேரளத்தில்.

பங்காளிக்குள் வரப்புத் தகராறு வந்தால் நேருக்கு நேர் யாரும் வாய்விடுவதில்லை. பெரியவர் ஒருத்தர் நடுவில் வருவார். "பேசி முடிச்சுக்கலாமுங்க" என்பார். முடியாவிட்டால் சத்தம் வராது, பேச்சுவார்த்தை நின்றுபோகும். அடுத்த கல்யாணப் பத்திரிகை வீடு தேடி வராது. கொங்கில் இதைவிடப் பெரிய அடி கிடையாது.

அதே ஆள் கிராம சபையில் எழுந்தால் வேறு ஆள். கால்வாய்த் தண்ணீர் ஏன் கடைமடைக்கு வரவில்லை என்று மெம்பரை முகத்துக்கு நேராகக் கேட்பார். மினிட்ஸில் எழுதச் சொல்வார். கேரளத்தில் கிராம சபை வார்டு வாரியாகக் கூடுகிறது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. கேட்டால் கிடைக்கும் என்ற இடத்தில் யார்தான் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள்? தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம் என்று நாள் குறித்து ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை. அங்கே தனி ஆளின் குரல் எடுபடுவது கடினம். ரத்தத்தைவிட ஏற்பாட்டுக்குத்தான் இதில் பங்கு அதிகம் என்பது என் கட்சி.

மொழியும் கொஞ்சம் விளையாடுகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். மலையாளத்தில் கலெக்டரும் 'வந்நு', கடைப்பையனும் 'வந்நு'. மரியாதையைச் சுமப்பது 'சாரும்' 'சேட்டனும்'தான். சொல்லுக்குச் சொல் 'ங்க' கேட்டுப் பழகிய காதுக்கு அது மொட்டையாக விழும். சொன்னவர் மனதில் ஒன்றுமே இருக்காது.

தண்ணீர் விஷயத்தில்தான் இரண்டு முறைகளும் ஒரே ஆளுக்குள் முட்டிக்கொள்கின்றன. 1970 மே 29-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு வந்து சேர வேண்டும். குறைந்தால் சித்தூர் விவசாயிகள் மறியலுக்கு இறங்குவார்கள். மறியலில் நிற்பவருக்கு மேல்மடையில் மச்சான் இருப்பார். கோஷம் தமிழ்நாடு அரசுக்கு. மச்சானிடம் பேசும்போது மழையைப் பற்றி விசாரிப்பதோடு சரி. அணையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இதை இரட்டை வேஷம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. அரசோடு சண்டை போட்டால் அடுத்த வருஷம் பேசித் தீர்க்கலாம். சம்பந்தி முகம் முறிந்தால் ஒட்டவைக்க ஆள் இல்லை.

என் வாதத்துக்கு இடைஞ்சலாக இடுக்கி இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் போனஸ் கேட்டுத் தெருவுக்கு வந்தபோது, கேட்டுப் பெறுவதற்கென்று கேரளத்தில் இருக்கும் ஏற்பாட்டையே, தொழிற்சங்கத் தலைவர்களையே, கிட்ட வராதே என்று விரட்டினார்கள். அந்தப் பெண்களின் 'பெம்பிளை ஒருமை' பற்றி அடுத்த வாரம்.