சுத்திப் போனா சீக்கிரம் போகலாம்!

ஒரு சின்னக் கணக்கு. டெல்லியிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போக வேண்டும். ஐரோப்பா, அட்லாண்டிக் கடல் என்று மேற்கே போனால் சுமார் 13,900 கி.மீ. ஜப்பான் பக்கம் கிழக்கே போய் பசிபிக் கடலைத் தாண்டினால் 15,300 கி.மீ. எது சீக்கிரம்?

'முதல் வழிதான். இதெல்லாம் ஒரு கேள்வியா சார்?' என்கிறீர்களா? அங்கேதான் ட்விஸ்ட்!

2015 டிசம்பரில் இந்த நான்-ஸ்டாப் சர்வீஸை ஆரம்பித்த ஏர் இந்தியா, மேற்கு வழியாகத்தான் பறந்தது. 2016 அக்டோபரில் விமானத்தைக் கிழக்கே திருப்பிப் பார்த்தார்கள். 1,400 கி.மீ. கூடுதல் தூரம். ஆனால், பதினாலரை மணி நேரத்தில் போய் இறங்கியாச்சு! பழைய வழியைவிட ஏறக்குறைய 2 மணி நேரம் மிச்சம். வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 1,055 கி.மீ.

எப்படி? எல்லாம் காத்து செய்கிற வேலை.

மெரினா பீச் ரோட்டில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். எதிர்க்காற்றில் நாக்குத் தள்ளும். திரும்பி வரும்போது பெடல் தானாகச் சுற்றும். அதே கதைதான் வானத்திலும். 30,000 அடிக்கு மேலே ஒரு காற்றாறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. பெயர் 'ஜெட் ஸ்ட்ரீம்'. குளிர்காலத்தில் இதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். வடக்கே குளிர், தெற்கே வெப்பம், நடுவே சுழலும் பூமி... மூன்றும் சேர்ந்து ஓட்டுகிற ஆறு இது.

இதை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானின் வசாபுரோ ஓயிஷி. 1920களில் பலூன் பறக்கவிட்டுக் கண்டுபிடித்தார். உலகமே படிக்கட்டும் என்று 1926-ல் 'எஸ்பெராண்டோ' என்ற பொதுமொழியில் எழுதினார். பாவம், அந்த மொழி தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். வெளிநாட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை!

காத்தோடு கூட சமாளித்துவிடலாம். பக்கத்து வீட்டுச் சண்டையை என்ன செய்வது? 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்கள் சில, சுற்றிப் பறந்து, எரிபொருள் போட வியன்னாவில் இறங்கி ஏற வேண்டியதாயிற்று. நான்-ஸ்டாப் என்று உட்கார்ந்தவர்களுக்கு நடுவில் ஒரு ஸ்டாப். ஊர்கள் நகரவில்லை. தூரம் மட்டும் கூடிவிட்டது!

ஆகவே, முட்டிவலிக்கார அம்மாவை அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஏற்றிவிடப் போகிறீர்களா? மேப்பில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். டிக்கெட்டில் போகிற நேரம், வருகிற நேரம் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. நடுவில் எங்கேயாவது நிற்குமா என்று கேளுங்கள். அவ்வப்போது எழுந்து நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள்.

மேலே காத்து எந்தப் பக்கம், கீழே யாருக்கு யாரோடு தகராறு... இந்த இரண்டும் தெரிந்தால்தான் பயணக் கணக்கு டாலி ஆகும்!