எலிக்கு முன் ஓட்டையைப் பிடியுங்கள்

2024 ஆகஸ்டில் பெங்களூரு ஞானபாரதி பகுதியில் ஒரு மாணவர் விடுதியில் எலித் தொல்லைக்கு மருந்து அடித்தார்கள். நெடி அறைகளுக்குள் பரவி, 19 மாணவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்டிருந்த வீட்டில் இரவு தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்தார்கள். மனிதர் படுத்து உறங்கும் இடத்தில் எந்த மருந்தை வைக்கலாம், எதை வைக்கவே கூடாது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன், மருந்தே தேவைப்படாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதும் தெரிய வேண்டும்.

சுண்டெலியின் கணக்கு

அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் நம் கண்ணில் படுவது பெரும்பாலும் சுண்டெலிதான். எடை 15 முதல் 20 கிராம். ஒரு நாளைக்கு அதற்கு 3 கிராம் தீனி போதும். ஆனால் அதை ஒரே இடத்தில் உட்கார்ந்து தின்னாது. ராகி மாவு மூட்டையில் கொஞ்சம், பிஸ்கட் பாக்கெட்டில் கொஞ்சம் என்று இருபது முப்பது இடங்களில் கொறிக்கும். தின்பதைவிடப் பாழாக்குவதுதான் அதிகம். கூட்டிலிருந்து சில மீட்டர் தூரத்துக்கு மேல் அது அதிகம் போவதில்லை. கருவுற்ற மூன்றே வாரத்தில் ஐந்தாறு குட்டி போடும். அந்தக் குட்டிகள் ஆறு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். இரண்டைப் பிடித்துவிட்டு நிம்மதியாக இருந்தால், மிஞ்சிய இரண்டு மறுபடி அந்த இடத்தை நிரப்பிவிடும்.

வந்திருப்பது எது என்பதை எச்சமே சொல்லிவிடும். சீரக அளவில், முனை கூர்ந்து இருந்தால் சுண்டெலி; அதைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளம் இருந்தால் பெரிய எலி. எந்த வழியில் நடமாடுகிறது என்று பார்க்க, இரவில் சுவரோரமாக மைதா மாவை லேசாகத் தூவி வையுங்கள். காலையில் கால் தடம் எந்தப் பொந்தில் போய் முடிகிறதோ, அதுதான் அதன் வாசல். அடிக்கடி நுழையும் பொந்தின் விளிம்பில் உடம்பு உரசி எண்ணெய்க் கறை படிந்திருக்கும்.

பொறி வைக்கத் தெரிய வேண்டும்

பெரிய எலிக்குப் புதுப் பொருள் என்றால் சந்தேகம். பொறியைச் சில நாள் சுற்றிச் சுற்றி வந்த பிறகுதான் நெருங்கும். சுண்டெலிக்கு அந்தப் பயம் குறைவு. புதிதாக எது வந்தாலும் போய் முகர்ந்து பார்க்கும். அதனால் முதல் இரண்டு மூன்று இரவுகளே பொன்னான நேரம். ஒரே ஒரு பொறியை வைத்து ஒரு மாதம் காத்திருப்பதைவிட, ஆறேழு பொறிகளை ஒரே இரவில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக வைப்பது நல்ல பலன் தரும்.

சுண்டெலி திறந்த வெளியைத் தவிர்த்து, மீசை மயிர் சுவரில் பட ஓடும். எனவே வில் அடிக்கும் பொறியை அறை நடுவில் வைத்தால் வீண். இரை உள்ள முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வைக்க வேண்டும். சுட்ட தேங்காய்ச் சில்லு, வறுத்த வேர்க்கடலை, மசால்வடைத் துணுக்கு எதுவும் சரிதான். அளவு பட்டாணியைத் தாண்டக் கூடாது. இரையை நூலால் இறுக்கிக் கட்டினால், கொறித்துவிட்டு நழுவ முடியாமல் இழுக்கும், பொறி விழும்.

பசை அட்டையை வாங்காதீர்கள். ஒட்டிக்கொண்ட எலி பசியிலும் தாகத்திலும் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் துடித்துச் சாகிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் இதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது; பிரிட்டன் 2022-இல் இங்கிலாந்துக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஒரே அடியில் உயிர் போக்கும் பொறி, கொல்லத்தான் வேண்டும் என்றால், அதைவிட எவ்வளவோ மேல்.

விஷம் எப்படிக் கொல்கிறது

கடைகளில் கேக் வடிவில் கிடைக்கும் புரோமடியோலோன் 0.005 சதவீத மருந்து, ரத்தம் உறையவிடாமல் தடுக்கும் வகை. இந்த வகையின் முன்னோடி வார்ஃபரின். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழு, கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்ததை ஆராய்ந்ததில் பிறந்தது அது. 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. கல்லீரல், வைட்டமின் கே-யைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து, ரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்கிறது; இந்த மருந்து அந்தப் புதுப்பிப்பை நிறுத்திவிடுகிறது. கையிருப்புப் புரதம் தீர்ந்த பிறகே உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். சாக நான்கைந்து நாள் ஆவதால், தின்ற தீனிதான் காரணம் என்று எலிக்குத் தெரிவதில்லை.

இந்தத் தாமதத்தால் மனிதருக்கு ஒரு நன்மை உண்டு. குழந்தை தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டால், பாக்கெட்டோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். வைட்டமின் கே மாற்று மருந்தாக இருக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்கு அப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது. அது கல்லீரலையே அழித்துவிடும். தமிழ்நாடு அதற்குத் தடை போட்டிருக்கிறது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற கொடிய வாயுவை விடும். தானியக் கிடங்குக்கான அந்தச் சரக்கை யார் கொடுத்தாலும் வீட்டு வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

கேக் மருந்திலும் இரண்டு குறை. விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் அந்த விஷம் போய்ச் சேர்கிறது. மேலும் எலிகள் மெல்ல அதைத் தாங்கும் திறனைப் பெற்றுவிடுகின்றன. ஐரோப்பாவில் சில வீட்டுச் சுண்டெலிகள், வேறொரு சுண்டெலி இனத்தோடு கலந்து, இந்த மருந்தைத் தாங்கும் மரபணுவையே பெற்றுவிட்டதாக 2011-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பெங்களூரு அன்றே கண்ட வழி

1898-இல் பெங்களூருக்குள் பிளேக் புகுந்தது. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கொண்டுவருகிறது என்பதை பால்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதே ஆண்டில் கராச்சியில் கண்டறிந்தார். பெங்களூரில், தலைமுறைகளாகத் தமிழர் வாழும் கன்டோன்மென்ட் பகுதியில் 1906-இல் ஒரு புதிய குடியிருப்புக்கு அடிக்கல் நட்டார்கள். அதுதான் ஃபிரேசர் டவுன். எலி புகவும் வளை தோண்டவும் இடம் கொடாத வீடு என்பதே அங்கே நோக்கம். பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ், பிளேக் அண்டாத நகரமைப்பு பற்றி 1914-இல் மதராஸில் ஒரு புத்தகமே வெளியிட்டார். எலியை ஒவ்வொன்றாகத் துரத்துவதைவிட வீட்டைத் திருத்துவதே வழி என்ற அந்த அறிவு இந்த நகரத்துக்கே சொந்தம்.

அதை இன்றைய வீட்டுக்குக் கொண்டுவருவது கடினமில்லை. பென்சில் நுழையும் 6 மில்லிமீட்டர் சந்து சுண்டெலிக்குப் போதும். ஒரு பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். சிங்க் அடியில் குழாய் சுவருக்குள் போகும் இடம், யுட்டிலிட்டியில் வாஷிங் மெஷின் குழாய், கேஸ் டியூப் துளை, ஏசி குழாய்த் துளை, கதவின் அடிச்சந்து. பென்சில் போகும் இடமெல்லாம் கம்பி நார் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் பஞ்சையும் தெர்மோகோலையும் ஒரே இரவில் கொறித்துவிடும். மாவும் பருப்பும் மூடி இறுகிய டப்பாவுக்குள் போகட்டும். எச்சத்தை உலர்வாகப் பெருக்காமல், ப்ளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து நனைத்துத் துடையுங்கள்.

ஒரு வீடு மட்டும் அடைத்தால் எலி பக்கத்து வீட்டுக்குப் போகும். குழாய்கள் செல்லும் பொது டக்ட் எல்லா மாடிக்கும் ஒன்றுதான். குடியிருப்போர் சங்கம் ஒவ்வொரு முறையும் மருந்துக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒரு கொத்தனாருக்குக் கொடுத்து, டக்டையும் குப்பை அறையையும் வலை போட்டு அடைக்கச் சொல்லட்டும். அடைத்த பிறகும் உள்ளே மிஞ்சியிருப்பதைப் பொறி பார்த்துக்கொள்ளும். அதிலும் தப்பினால் மட்டும், குழந்தைக்கும் நாய் பூனைக்கும் எட்டாத பூட்டிய பெட்டிக்குள் மருந்து. இந்த வரிசை மாறாமல் இருந்தால் போதும்.