கறையைப் பார்க்கும் முன் சுவரைப் பாருங்கள்



போன வருசம் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டைக் காலி செய்தோம். என் தம்பி சுவரில் மஞ்சள் கையை அப்பி வைத்திருந்தான். பக்கத்திலேயே கிரேயானில் ஒரு பஸ்ஸும் வரைந்திருந்தான். வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "செவுத்தைப் பழையபடி பண்ணிக் குடுத்துருங்க. இல்லாட்டி அட்வான்ஸ்ல புடிச்சுக்குவேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா மில்லுக்குப் போன நேரம், நானே சோப்புத்தூளைக் கரைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை, சிவப்பாகிவிட்டது! பயந்து போய் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். மறுபடி மஞ்சளானது. ஆனால் சுண்ணாம்பு கையோடு வந்துவிட்டது. கையளவு கறை முறத்தளவு ஆனது. 1500 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அப்பா ரெண்டு வாரம் ஓவர்டைம் பார்த்தார். என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஏன் இப்படி ஆனது? டீச்சரிடம் கேட்டேன். "ஆரத்தி எப்படிச் சிவக்குது?" என்று திருப்பிக் கேட்டார். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தியில் சுண்ணாம்பு காரம், என் சுவரில் சோப்புத்தூள் காரம். சுவரில் பூசிய சுண்ணாம்போ காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக மாறியிருக்கும். எலுமிச்சையின் அமிலம் அதைக் கரைத்துவிடும்.

புது வீட்டுப் பக்கத்தில் இருக்கும் பெயிண்டர் மாமா சொன்னது: "கறையப் பாக்கறதுக்கு மின்ன செவுத்தப் பாரு கண்ணு." பீரோவுக்குப் பின்னால் மறைவான இடத்தில் ஈரத்துணியால் லேசாகத் தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது சாதா டிஸ்டம்பர். தண்ணீர் தாங்காது. ஒட்டாவிட்டால் எமல்ஷன் அல்லது எனாமல். லேசான சோப்புத் தண்ணீர் தாங்கும்.

1. கிரேயான்: இது மெழுகு, தண்ணீரில் கரையாது. எமல்ஷன் சுவரென்றால் ஈரத்துணியில் கொஞ்சம் சமையல் சோடா தொட்டு மெதுவாகத் தேய்க்கலாம். சுண்ணாம்புச் சுவரில் மெழுகை மட்டும் சுரண்டிவிட்டு மேலே பூசுவதுதான் வழி.

2. தலை எண்ணெய்: புதுக்கறை என்றால் முகப்பவுடரை அப்பி, ஒரு மணி நேரம் கழித்துத் தட்டிவிடுங்கள். பழைய கறைமேல் பெயிண்ட் அடிப்பதானால் முதலில் பிரைமர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே தெரியும்.

3. அடுப்புப் புகைக்கரி: முதலில் தண்ணீர் தொடவே கூடாது, கரி பரவிவிடும். உலர்ந்த துணியால் தட்டி எடுக்க வேண்டும்.

4. மஞ்சள்: வெயில் படும் சுவரென்றால் அவசரப்படாதீர்கள். வெளிச்சத்தில் தானாகவே வெளுக்கும்.

எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு வந்து மூச்சை அடைக்கும்.

"நீ மட்டும் அவசரப்படல, பெரிய நிபுணர்களும் அவசரப்பட்டிருக்காங்க" என்று டீச்சர் அஜந்தா கதையைச் சொன்னார். 1920களில் ஹைதராபாத் நிஜாம் இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்து, குகை ஓவியங்களைப் பாதுகாக்கச் சொன்னார். அவர்கள் மேலே அரக்கு வார்னிஷ் பூசினார்கள். நாளாக நாளாக அது மஞ்சளித்து, தூசியைப் பிடித்து, ஓவியத்தையே மறைத்தது. பிறகு தொல்லியல் துறை வேதியியலாளர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது புது வீட்டில் தம்பியின் உயரத்துக்குப் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி ஒட்டி வைத்திருக்கிறேன். பஸ் இப்போது அதில்தான் ஓடுகிறது. அடிக்கடி லாரியும் வருகிறது!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி