உறங்கும்போது வளரும் வலிமை

ஐந்து வயதுச் சிறுவன் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டான். வழியில் பஸ் மோதியது. வலது கால், முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. உயிர் பிழைத்தான், ஆனால் கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அந்தச் சிறுவன்தான் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய தாயின் மகன். பெங்களூரில் சத்தியநாராயணா என்ற பயிற்சியாளரிடம் பயின்றார். 2016-ம் ஆண்டு ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார்.

இந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? பயிற்சியிலிருந்துதான். ஆனால் பயிற்சி என்றால் உடலை வாட்டி வதைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

களைப்பும் வலிமையும்

ஓடும்போதும் தாண்டும்போதும் தசை வலுப்பெறுவதில்லை, களைத்துப் போகிறது. உண்டு, உறங்கி, ஓய்வு எடுக்கும்போதுதான் உடல் அந்தக் களைப்பைச் சரி செய்கிறது. அடுத்த முறை தாங்க வேண்டுமே என்று சற்றுக் கூடுதலாகவே பலம் சேர்த்து வைக்கிறது. அதன் பிறகு பயிற்சியையும் சற்றுக் கூட்ட வேண்டும். இதுதான் ரகசியம்.

முதல் சில வாரங்களில் தசை அவ்வளவாகப் பெருப்பதில்லை. இருக்கிற தசையை நன்றாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. தசை சீக்கிரம் பழகிவிடும். எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணும் மெதுவாகத்தான் பழகும்.

அவசரம் ஆபத்து!

போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு நெருங்கிய பிறகு, திடீரென்று தினமும் பல மைல் ஓடும் வாலிபர்கள் உண்டு. மூச்சு இடம் கொடுக்கும்; எலும்பு இடம் கொடுக்காது. கணுக்காலிலும் முழங்காலிலும் வலி கண்டு, தேர்வு நாளில் நொண்டிக்கொண்டு நிற்பார்கள். சில மாதங்களுக்கு முன்பே தொடங்கி, கடுமையான பயிற்சிக்கு மறுநாள் இளைப்பாறினால் இந்தத் தொல்லை குறையும்.

சேலம், நாமக்கல் வெயிலும் அப்படித்தான். படிப்படியாகப் பழகினால் 10 முதல் 14 நாட்களில் உடல் ஈடு கொடுக்கும். வியர்வை சீக்கிரமே சுரந்து உடலைக் குளிர வைக்கும். முதல் நாளே உச்சி வெயிலில் ஓடினால் மயக்கம்தான் வரும்.

பயிற்சியை அடியோடு விட்டாலோ, சேர்த்த பலம் சில வாரங்களிலேயே கரையத் தொடங்கும்.

மாரியப்பன் விடவில்லை. 2021-ல் டோக்கியோவில் 1.86 மீட்டர், வெள்ளிப் பதக்கம். 2024-ல் பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலப் பதக்கம். எட்டு ஆண்டுகளில் குறைந்தது நான்கே சென்டிமீட்டர்!