மறுபடியும் படிக்க நினைக்கிறீர்களா? வேலையிலிருந்து தொடங்குங்கள்

உட்காருங்கள், டீ வரட்டும். அவசரமில்லாமல் பேச வேண்டிய விஷயம் இது.

படிப்பை விட்டுப் பத்துப் பதினைந்து வருடம் ஆன பிறகு மறுபடி படிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன படிக்கலாம்?" என்பதுதான். அந்த வயதில், வீட்டுச் சுமைக்கு நடுவில், அந்த ஆசை எழுவதே பெரிது. ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு அலைந்தால், கண்ணில் முதலில் படுகிற விளம்பரத்துக்குப் போய்ப் பணம் கட்டிவிடுவோம். அதனால் கேள்வியை மாற்றிக்கொள்வோம். எந்த வேலைக்குப் போக ஆசை? அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் என்ன படிப்பது என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 33. பத்தாவதில் கணக்கில் மட்டும் தவறியவர். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன. வேலையை விட முடியாது. ஆர்டர் நெருக்கும் நாட்களில் ஒன்றரை ஷிப்ட் பார்க்க வேண்டியிருக்கும். இவர் முன்னால் மூன்று பாதைகள் தெரிகின்றன: அரசு வேலை, அதே துறையில் மேற்பதவி, புதிதாக ஒரு கைத்தொழில். மூன்றுக்கும் படிப்பு வேறு, காலம் வேறு, செலவு வேறு.

முதலில் அரசு வேலை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் ஆகிய பதவிகள் இதில் வருகின்றன. தட்டச்சர் பதவிக்குப் பத்தாவதோடு, அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தமிழ், ஆங்கிலத் தட்டச்சும் தேறியிருக்க வேண்டும். ஆக, நம் பெண்ணுக்கு முதல் வேலை அந்த ஒற்றைக் கணக்குப் பாடம். தனித்தேர்வராக அதை மட்டும் எழுதினால் போதும். அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அவர் பள்ளியை விட்ட பிறகு பாடத்திட்டம் இரண்டு முறை மாறிவிட்டது. 2011இல் சமச்சீர்க் கல்வி வந்தது. இன்று நடப்பில் உள்ள பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் 2019இல் வந்தன. பழைய புத்தகத்தையும் பழைய கைடையும் எடுத்து வைத்துவிட்டுப் புதுப் புத்தகத்தில்தான் உட்கார வேண்டும். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மகளோ மகனோ உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்டால் வீட்டிலேயே துணைக்கு ஆள் உண்டு.

கணக்கில் தேறியதும், "பத்தாவதே போதுமே, நேராகத் தேர்வு எழுதிவிடலாமே?" என்று தோன்றும். எழுதலாம். ஆனால் வயது வரம்பு இருக்கிறது. இங்கேதான் அறிவிக்கையை முழுதாகப் படிப்பவருக்கு ஒரு வழி தெரியும். இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளில், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், ஆதரவற்ற விதவைகள் ஆகியோர் குறைந்தபட்சத் தகுதிக்கு மேலான பொதுக் கல்வித் தகுதி பெற்றிருந்தால் அவர்களுக்கு அந்த உச்ச வயது வரம்பு இல்லை. அதாவது, பத்தாவது மட்டும் முடித்தவருக்கு மூடிக்கொள்ளும் கதவு, பிளஸ் டூவும் தேறினால் திறந்திருக்கும். பிளஸ் டூ படிப்பது வீண் வேலையா, அவசியமா என்று வீட்டில் எழும் கேள்விக்கு விடை அந்த அறிவிக்கையிலேயே இருக்கிறது. பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு இருப்பதும் அதில்தான் இருக்கிறது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தினார்கள். அதன்படி, பதவிக்கு உரிய படிப்பை மட்டும் தமிழ் வழியில் முடித்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், மேற்படிப்பில் எந்த வழியைத் தேர்வது என்று முடிவு செய்யும் முன் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, பலர் பணத்தையும் வருடங்களையும் இழந்திருக்கிற இடம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "பத்தாவது வேண்டாம், பிளஸ் டூ வேண்டாம், நேராக டிகிரி" என்று ஆசை காட்டுவார்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் நல்ல நோக்கத்தோடு தொடங்கப்பட்டவை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் வந்தன. அவை தரும் பட்டத்தில் குறையில்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையில் தரும் பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்கு இணையானது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இலும் அறிவித்திருக்கிறது. சிக்கல் வரிசையில்தான். பத்தாவது, பிளஸ் டூ, அதன் பிறகு மூன்று வருடப் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழ்நாடு அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லும். இடையில் ஒரு படி விட்டுப்போனால், கையில் பட்டம் இருந்தும் விண்ணப்பம் தள்ளுபடியாகும். அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேராக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2009இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வழக்கறிஞர் ஆக நினைப்பவர்களுக்கும் இதே நிலைதான். பள்ளிப் படியைத் தாண்டாமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர் சட்டப் படிப்பில் சேர முடியாது என்று இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

ஆகவே, எவ்வளவு தாமதமானாலும் படிகளை வரிசையாக ஏறுங்கள். பிளஸ் டூவுக்குத் தனித்தேர்வர் வழி உண்டு. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் உண்டு. அங்கே உச்ச வயது வரம்பு கிடையாது. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து வருடத்துக்குள், கிடைக்கிற ஒன்பது வாய்ப்புகளில், பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதித் தேறலாம். வேலைக்குப் போகிறவருக்கு இது பெரிய வசதி. மாநில அரசு வேலைதான் குறி என்றால் மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதுவது சிக்கல் இல்லாத வழி என்பது என் கருத்து.

இரண்டாவது பாதை, பார்த்துக்கொண்டிருக்கிற துறையிலேயே மேலே போவது. நம் பெண்ணுக்குத் துணியின் குறை எது, ஊசி விட்ட இடம் எது, ஷேடு மாறிய பீஸ் எது என்பதெல்லாம் கைப்பழக்கம். புதிதாகப் பட்டம் வாங்கி வருகிறவரிடம் இது இருக்காது. தரக் கட்டுப்பாட்டிலோ மெர்ச்சண்டைசிங்கிலோ உட்கார இவருக்குக் குறைவது வேறு. வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டும். எக்ஸெல்லில் காஸ்டிங் போட வேண்டும். அளவு அட்டவணையைப் படித்து ஆர்டரின் நிலையைச் சொல்ல வேண்டும். இதற்கு மூன்று வருட டிகிரியைவிட ஒரு நல்ல கணினிப் பயிற்சியும் விடாப்பிடியான ஆங்கிலப் பழக்கமும்தான் முதலில் தேவை. முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் அரசுத் திட்டமும் இருக்கிறது. சேருவதற்கு முன் தன் கம்பெனியிலேயே அந்த நாற்காலியில் இருப்பவரிடம் போய், "அக்கா, இந்த இடத்துக்கு நீங்க எப்படி வந்தீங்க? கம்பெனி என்ன கேட்டுச்சு?" என்று அவர் விசாரிக்க வேண்டும். இரண்டு மூன்று பேரிடம் கேட்டால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஐடிஐ. வயதாகிவிட்டதே என்று நம்மில் பலர் இதைத் திரும்பிப் பார்ப்பதேயில்லை. தமிழ்நாட்டில் ஐடிஐ சேர்க்கைக்கு ஆண்களுக்கு 40 வயது வரை இடமுண்டு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. எட்டாவது தேறியவர்களுக்கும் சில தொழிற்பிரிவுகள் உண்டு. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்றவற்றுக்குப் பத்தாவது வேண்டும். படிப்பு ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம். அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடம். ஆகவே மேலே போகும் வழி அடைபடவில்லை. ஆனால் பகல் முழுக்க வகுப்பு இருக்கும், வருகைப் பதிவும் கட்டாயம். அவ்வளவு காலம் சம்பளம் இல்லாமல் வீடு தாங்குமா என்பதை முதலில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

நர்ஸ், மருந்தாளுநர், வழக்கறிஞர், பொறியாளர் ஆகும் படிப்புகளை அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ படிக்கவே முடியாது. 2025இல் உளவியலையும் ஊட்டச்சத்துப் படிப்புகள் சிலவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். "வீட்டிலிருந்தே நர்சிங்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆசிரியர் வேலைக்குப் பட்டம், இரண்டு வருட பி.எட்., அதற்குமேல் தகுதித் தேர்வு, நியமனத் தேர்வு என்று நீண்ட வரிசை உண்டு. ஏற்கெனவே தேறிக் காத்திருப்பவர்களும் ஏராளம். அந்த வேலை மேல் உண்மையான பிடிப்பு இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

எந்தப் பாதையானாலும் தையல்காரர் அளவெடுத்த பிறகே துணியில் கத்தரி வைப்பதுபோல, பணம் கட்டும் முன் நான்கு விஷயங்களை எழுதிப் பாருங்கள். கையில் இப்போது இருக்கும் கடைசிச் சான்றிதழ் எது? குறிவைத்த வேலைக்கு வயது வரம்பு எவ்வளவு, படிப்பு முடியும்போது உங்கள் வயது எவ்வளவு? ஒரு நாளில் நிச்சயமாகக் கிடைக்கும் படிப்பு நேரம் எவ்வளவு? வருமானம் குறைந்தால் குடும்பம் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும்? மூன்றாவது கேள்விக்கு ஆசையை எழுதாதீர்கள். ஆர்டர் நெருக்கும் வாரத்தில் கிடைக்கும் நேரத்தை எழுதுங்கள். தினம் ஒரு மணி நேரம்தான் என்றால் அதுவும் போதும்; ஒரே தடவையில் எல்லாப் பாடமும் எழுதும் திட்டத்தை விட்டு, இரண்டிரண்டாக எழுதுங்கள். தொலைநிலைப் படிப்பு என்றால், அந்தப் பல்கலைக்கழகமும் அந்தக் குறிப்பிட்ட படிப்பும் அந்த வருடம் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வயதில் என்ன படிப்பு என்று கேட்காதீர்கள். ராத்திரிப் பாத்திரத்தை ஒரு நாள் நீங்கள் கழுவிவைத்தால் அவருக்கு ஒரு பாடம் முடியும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரமே, போக நினைக்கும் வேலையின் கடைசி அறிவிக்கையை எடுத்து, கல்வித் தகுதி, வயது என்ற இரண்டு பகுதிகளையும் வரி விடாமல் படியுங்கள். அந்த வேலையில் இருக்கும் ஒருவரையாவது நேரில் பார்த்துப் பேசுங்கள். கட்டணம் கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.